ஓடைக்கு அந்தப் பக்கம்

ஹார்ப்பர் ஓடை, ஒஹாயோ
அக்டோபர் 18, 1976

அன்புத் தங்கச்சி வெர்டாவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் வீட்டுக்காரர் கிளைடும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஒரே லைனில் நாலு வீடு; பக்கத்து வீட்டு மேபல் ஒட்டுக்கேட்டு மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கிறது. அதனால் கடிதம்.

நவம்பர் இரண்டாம் தேதி, பள்ளிக்காக நில வரியைக் கூட்டலாமா என்று ஓட்டு. தோற்றால் ஜனவரியிலிருந்து ஸ்கூல் பஸ் கிடையாதாம். பள்ளி ஒன்பது மைல், எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. என்னிடம் வளரும் பேத்தி நோரீன் கணக்கில் வகுப்புக்கே முதல், தெரியுமல்லவா? நான் ஐந்தாவதோடு நின்றது போதும்.

உன் வாசலில் நான் நட்ட "பள்ளிக்கு ஆம்" பலகையைக் காணோம். சர்ச் விருந்தில் கேட்டதற்கு, "காத்துல விழுந்திருக்கும்க்கா" என்றாய். உன் வீட்டில் மட்டும் காற்றடிக்குமா? கிளைடு தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை. நிலம் அதிகமென்றால் வரியும் அதிகம், எனக்கும் தெரியும். ஆம் என்று போடுவாயா, மாட்டாயா?

உன் அக்கா
ஹெஸ்டர்

அக்டோபர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய ஊறுகாய் தீர்ந்தே போயிற்று. திரைக்குள் போய் எதற்கு ஓட்டுப் போட்டாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, சொந்த அக்காவானாலும். நோரீனுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். கை அளவு அனுப்பு.

அன்புடன்
வெர்டா

நவம்பர் 4

வெர்டா,

மூன்றே ஓட்டில் தோற்றோம். நீயும் கிளைடும் எதிர்த்துப் போட்டதை இந்தப் பக்கம் போட்டிருந்தால் ஜெயித்திருப்போம். "நடந்தே போயிடுறேன் பாட்டி" என்கிறாள் நோரீன். ஜனவரிப் பனியில்!

கை அளவு அனுப்ப மாட்டேன்.

ஹெஸ்டர்

நவம்பர் 9

அக்கா,

நாங்கள் எதிர்த்துப் போடவில்லை. ஆதரித்தும் போடவில்லை. எங்கள் ஓட்டுச் சீட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. போன வருடம் ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மனுக் கொடுத்து, நிலத்தை அடுத்த பள்ளி வட்டாரத்துக்கு மாற்றிக்கொண்டோம். அங்கே வரி குறைவு. இப்போது எங்கள் வரியும் ஓட்டும் அந்தப் பள்ளிக்குத்தான். நானும் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பலகையைப் பிடுங்கியது நான்தான். ஓட்டே இல்லாத வீட்டில் அது நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

இங்கே பஸ் வாசலிலேயே நிற்கிறது. மாடி அறை காலி. பள்ளியில் கேட்டுவிட்டேன், சேர்த்துக்கொள்வார்களாம். நோரீனை அனுப்பேன்.

வெர்டா

நவம்பர் 14

வெர்டா,

உன் கடிதத்தை நோரீன்தான் பிரித்துப் படித்துக் காட்டினாள். "சின்னப் பாட்டி எதிர்த்தே போடலையே. சும்மாதானே திட்டினீங்க?" என்றாள்.

"எதிர்த்துப் போட்டிருந்தா சண்டை போட்டு ராசியாகியிருப்பேன்டி. இவ நிலத்தையே தூக்கிட்டுப் போயிட்டாளே!" என்றேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருவாள். மே மாதம் மறுபடி ஓட்டு வைக்கிறார்கள். ஜெயித்தால் கோடை விடுமுறையோடு அழைத்துக்கொள்வேன். அதுவரை அவள் சாப்பாட்டுக்கு முட்டை கொடுத்தனுப்புவேன். மறுக்காமல் வாங்கிக்கொள். நான் ஓடையைத் தாண்டுவதாக இல்லை. பாலம்வரை வந்து பெண்ணைக் கூட்டிப்போ.

கை அளவை அங்கேயே எடுத்துக்கொள்.

ஹெஸ்டர்