பூட்டாமல் போன வளையம்

ரேனா,
அக்டோபர் 7, 1957

அன்புள்ள ஹால்வார்ட்,

இங்கே நான் நலம். ஆஸ்லோவில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில் வைக்க முடியவில்லை என்று மூன்று கடிதங்களிலும், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோலவே எழுதியிருந்தீர்கள். பழுப்புப் பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன்.

நம் துப்பாக்கிப் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் இருபத்தாறு வருஷமாக ஒரே மேஜையில் வேலை செய்கிறோம். ஒரு அளவைக்கூட ஒருவருக்கொருவர் மறைத்ததில்லை.

எல்க் மான் வேட்டை தொடங்கிய அன்று, விடிந்ததும் கடைசல் இயந்திரத்தைத் துடைக்கப் போனேன். தட்டில் ஒரு எஃகு வளையம் கிடந்தது. மரம் வெட்டும் தோர்லெய்ஃபின் துப்பாக்கிக்கு உரியது. தேய்ந்துபோன எட்டு மில்லிமீட்டர் குழலைக் குடைந்து, உள்ளே ஆறரை மில்லிமீட்டர் குழாயைச் செருகிக் கொடுத்தீர்களே, அந்த உள்குழாயை முனையில் மரையில் முறுக்கிப் பூட்ட வேண்டிய வளையம். பூட்டாமலே துப்பாக்கி போய்விட்டிருந்தது.

ஏரிவரை சைக்கிளில் போனேன். அப்புறம் சதுப்பில் நடை. என்னையே மான் என்று சுட்டுவிடக் கூடாதே என்று சிவப்புச் சால்வையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே ஓடினேன். தோர்லெய்ஃப் பாறைக்குப் பின்னால் குறி பார்த்தபடி இருந்தார். "ஏம்மா, கல்யாண ஊர்வலமா நடத்துறீங்க? மான் எல்லாம் ஸ்வீடனுக்கே ஓடியிருக்கும்!" என்று பல்லைக் கடித்தார். எனக்கு மூச்சு வாங்கியது. பேச வராமல் வளையத்தை நீட்டினேன்.

அவர் முகம் வெளுத்தது. தோட்டாவை உருவிவிட்டு, குழல் முனைக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருகினார். உள்குழாய் சுழன்றது. சுட்டிருந்தால் குழல் அவர் கையிலேயே வெடித்திருக்கலாம்.

"தப்பு என்னோடதுதான். அவர் என்கிட்ட பூட்டச் சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்" என்றேன். துப்பாக்கியை உங்கள் கையாலேயே வாங்கிப் போன தோர்லெய்ஃப் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, உங்க தப்புன்னே இருக்கட்டும். ஊர்ல யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்றேன்" என்றார். திரும்பும்போது துப்பாக்கியை அவரே தூக்கிக்கொண்டு பட்டறைவரை என்னோடு வந்தார்.

அன்று மத்தியானமே பூட்டிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் நீங்கள் கடையுங்கள், நான் அளந்து பார்க்கிறேன். இரண்டு பேர் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியும் வெளியே போக வேண்டாம். இதற்கு மட்டும் சம்மதம் சொல்லுங்கள்.

பெரிய டாக்டர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். நேரில் பேசிக்கொள்ளலாம்.

பதில் எழுதும்போது நம் மூன்று பிள்ளைகளின் பெயர்களையும் உங்கள் கையால் எழுதுங்கள். யாரிடமும் கேட்காமல் எழுதுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது, வேறொன்றுமில்லை.

கடவுள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
இங்கெபோர்க்