பனியன் துணியில் ஓர் ஏரி

பிப்ரவரி 4, செவ்வாய்

முபாஷிர் மறுபடியும் போன் செய்தான். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடியதும் அவனே. அதனால் நான் எடுத்துத் தரப்போகிற வீடியோவிலும் அவனேதான் நாயகன்.

"ஏரியும் படகும் இல்லாம எப்படிங்கண்ணா?"

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டுக்கு மரியாதை செய்கிறோமாம். அதில் நாயகன் துடுப்புப் போட்டபடி பாடுவான். கோபத்தில் இருக்கும் நாயகி கடைசி வரியில்தான் அவனைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஆனால் ஏரிக்கு எங்கே போவேன்? நான் பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவும்.

என் மனைவி நதியா என்னிடம் பேசி இன்றோடு ஒன்பது நாள். "சாவி." "தண்ணி வருது." அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

முதலாளி பசீர் அகமது பாய் கம்பெனி முற்றத்தைத் தந்துவிட்டார். சாயம் தப்பிப்போன துணியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அத்தனையும் ஆரஞ்சு.

"ஏரி ஆரஞ்சு கலர்லயா கண்ணு?" என்று சிரித்தார்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? துணியை ஆட்டினால் அலை. துணி ரோல் தள்ளும் டிராலி மேல் அட்டைப்பெட்டியை ஒட்டினால் படகு.

பிப்ரவரி 8, சனி

நடிக்க ஒப்புக்கொண்ட பெண் நாளைக்கு வர மாட்டாளாம். இன்றைக்குச் சொல்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து குரல்: "நான் நடிக்கிறேன்."

ஏன் சொன்னாள்? கேட்கப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மண்டை காய்ந்துவிட்டது. படகின் பக்கவாட்டில் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட குடைப் படம் — நனைக்கக் கூடாதாம்! அதை மறைத்தால் டிராலிச் சக்கரம் கிறீச்சிடுகிறது. அதற்கு எண்ணெய் விட்டால் அலை பிடிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

நதியா கோபமாக உட்கார்ந்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசி வரியில் திரும்பவே மாட்டேன் என்கிறாள். ஏழு டேக்.

"திரும்பு நதியா! ஒரே ஒரு தடவை!" கத்தியேவிட்டேன்.

"எதுக்குத் திரும்பணும்? பாட்டுப் பூரா நெலாங்குறான், பூவுங்குறான். செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்றானா?"

அலை பிடித்தவர்கள் துணியை ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"வரிய மாத்தட்டுங்களாக்கா?" என்றான் முபாஷிர், பாவம்.

அவள் யாரைக் கேட்கிறாள் என்று எனக்குத்தானே தெரியும். இதே முபாஷிர் முன்னால், இந்த வீடியோவுக்கு அவள் ஏதோ யோசனை சொல்ல வந்தபோது, "ஒனக்கு என்ன தெரியும், போய் டீயப் போடு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் தவறியா வந்தது? இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

துணி பிடித்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்: "அன்னைக்கு ஒன்னைய ஆள் முன்னாடி அப்படிச் சொன்னது தப்புதான். மன்னிச்சிரு."

அவள் அட்டைப் படகில் நேராக உட்கார்ந்தாள்.

"எடுங்க" என்றாள்.

கடைசி வரியில் திரும்பினாள். முபாஷிரைப் பார்க்கவில்லை. நேராக லென்ஸை — என்னை.

"அண்ணா, அக்கா கேமராவப் பாத்துட்டாங்க. இன்னொருக்கா போலாமுங்களா?"

"வேண்டாம்டா. இதுதான்."

பிப்ரவரி 16, ஞாயிறு

வீடியோவைக் காலையில் யூடியூபில் ஏற்றினோம். நதியா நான்கு தடவை பார்த்துவிட்டாள். அலை நடுவில் நிற்கிறதாம். முபாஷிர் துடுப்பைக் கரண்டி மாதிரி பிடித்திருக்கிறானாம். இரண்டாவது சரணம் நீளமாம். மத்தியானம் வரை வாய் ஓயவில்லை, காது வலிக்கிறது. எரிச்சல் என்னவென்றால், சொன்னது எல்லாமே சரி.

சாயங்காலம் அடுத்த வீடியோவுக்குக் குன்னத்தூர்ப் பக்கம் இடம் பார்க்கப் போகிறோம். வண்டியை நான் ஓட்ட வேண்டுமாம். கேமரா அவளிடம் இருக்குமாம்.