அச்சு குத்தாத இரண்டு துணிகள்

ந்தோன்சோ
திங்கட்கிழமை

அன்பு மகள் போக்குவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை அஜேவாவும் அவள் குழந்தையும் உண்டு உறங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதுபோலவே இருக்கக் கடவுள் ந்யாமே காக்கட்டும். என் முழங்கால் வலி அப்படியேதான், அதை விடு.

பெரியம்மா டுஃபியேயைச் சனிக்கிழமை மண்ணில் வைத்துவிட்டோம். நல்ல கூட்டம், மழையும் பொறுத்துக்கொண்டது. நீ போனில் அழுது கேட்டாயே, அம்மா நீயும் எல்லோரையும் போல அந்த முடிச்சுத் துணியையே கட்டிக்கொள் என்று, நான் கட்டவில்லை. வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சாவுக்குக் குடும்பமே ஒன்றுபோல் கட்டும் துணிக்குச் சமாதான முடிச்சு அச்சுதான் என்று பெரியம்மா மகள் பிராகோ முடிவு செய்து வந்து நின்றாள். "சின்னம்மா, நீங்களும் இதக் கட்டிக்கிட்டா ஊர் வாய் அடங்கிடும்" என்றாள். சண்டை தீர்ந்தவர்கள் கட்டுவது அந்த முடிச்சு. எனக்கும் அக்காவுக்கும் சண்டை எப்போது தீர்ந்தது? எங்கள் அம்மா வீட்டில் எனக்கு ஒரு அறை இல்லையா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு வாயால் பதில் சொல்லாமல், உன் அப்பாவின் சாவுக்குப் பெரணி இலை அச்சு குத்திய துணியில் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். உனக்கு நான் பயப்படவில்லை என்று அந்த இலை சொல்வது குழந்தைக்கும் தெரியும். என் புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது! அன்றைக்கு அவள் உட்கார்ந்த நாற்காலிகூட எனக்கு நினைவிருக்கிறது, ஒரு கால் ஆடும்.

அச்சுக் குத்தும் அனானேயிடம் நானே நடந்து போனேன். மரப்பட்டைச் சாயம் தார் மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்கக்கா, பெரணிதானே? நீங்க பதிலுக்குப் பதில் போடுவீங்கன்னு ஊரே பந்தயம் கட்டுது" என்று சிரித்தான். செத்தவளிடம் பயமில்லை என்று காட்ட நான் என்ன பைத்தியமா என்று ஏசிவிட்டு, சாவின் ஏணியைக் குத்தச் சொன்னேன். அவள் ஏறிவிட்டாள், நானும் ஏறத்தான் போகிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முடிச்சுகளுக்கு நடுவே நான் ஒருத்தி ஏணியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஒருத்தி, "அந்தப் பக்கம் போயும் ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்கடி" என்றாள். நான் திரும்பவில்லை. பெட்டியைத் தூக்கியபோது அழுதேன், சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது. ஆனாலும் மன்னித்தேன் என்று எழுதமாட்டேன். முடிச்சுப் போட இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி போய்விட்டாள்.

இப்போது உன் விஷயம். அஜேவா குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நீ போனில் சொன்ன வார்த்தை எனக்கும் நினைவிருக்கிறது, அவள் திருப்பிச் சொன்னதும் நினைவிருக்கிறது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. அவளிடம் கேட்டால், "அவ கூப்பிட்டா எடுப்பேன், நானா கூப்பிடமாட்டேன்" என்கிறாள். அந்த முரண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? பெரியம்மாவின் வருஷ நினைவுச் சடங்குக்கு நீ வரும்போது கட்ட உனக்கும் அவளுக்கும் துணி எடுத்துவைத்தேன். "பொண்ணுங்க துணிக்கு முடிச்சு குத்திடவா?" என்று அனானே அச்சைச் சாயத்தில் தோய்த்தேவிட்டான். கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டும் என் துணிப்பெட்டியில் வெறுந்துணியாகக் கிடக்கின்றன.

உன் வயிறு நிறையட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட உயரமாக வளரட்டும், முன்னோர்கள் உன் வாசலில் காவல் நிற்கட்டும். காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே போகாதே. தங்கையைக் கூப்பிடு. கூப்பிட்ட பிறகு என்ன அச்சு என்று எனக்குச் சொல், குத்தச் சொல்கிறேன். கூப்பிடாவிட்டால் என் சாவுக்கு அந்த வெறுந்துணியையே கட்டிக்கொண்டு வாருங்கள், நடக்காததைக் குத்திக்கொண்டு என் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கவேண்டாம்.

உன் அம்மா
கொனாடு