நான்கு நிமிடத் தாமதம்

நெப்ராஸ்கா,
அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் லின்னியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இந்த வாரம் இரத்தப் பரிசோதனைக்குப் போனாயா? உன் அப்பாவிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அவர் என்றைக்குமே அப்படித்தான். எண் என்ன வந்தது என்று நீயே எழுது. தண்ணீர் நிறையக் குடி. உப்புச் சிப்ஸைத் தொடாதே.

இதைப் போனிலேயே பேசலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சாரிம்மா" என்றுவிடுகிறாய். போன வாரம் இங்கே மழை என்று சொன்னேன், அதற்கும் சாரி சொன்னாய். அதனால்தான் கடிதம். வேலை செய்யும் தானியக் கூட்டுறவுச் சங்கத்தில், எடைமேடை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சோள அறுவடை மும்முரம், லாரிகள் சாலை வரைக்கும் வரிசையாக நிற்கின்றன. நடுநடுவே எழுந்து எடை போட்டுச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்.

நேற்று பள்ளி நிர்வாகக் குழு கூடியது. வாலிபால் கோச்சாக என் சிநேகிதி ஜோவை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதுதான் பேச்சு. வைத்துக்கொள்கிறார்கள். ஆதரவாக ஐந்து ஓட்டு, எதிராக ஒன்று.

உன் கடிதம்தான் முடிவு செய்தது. நீ குழுவுக்கு எழுதியிருக்கிறாய் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும். தலைவர் டெல்மர் எழுந்து நின்று வாசித்தார். முப்பது வருடமாக மாட்டுத்தீவனம் விற்கிற மனிதர், வாசிக்கும்போது இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அன்று நான்கு நிமிடம் தாமதமாக வந்தேன். அணியின் விதி எனக்குத் தெரியும். தவறு என்னுடையது. கோச் ஜோ என் நன்மைக்காகத்தான் ஓடச் சொன்னார். தயவுசெய்து அவரை அனுப்பிவிடாதீர்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். கூடம் முழுக்கக் கைதட்டல். பின்னால் யாரோ, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்றார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டி, "நல்லா வளத்திருக்க மார்லா" என்றாள். நானும் கைதட்டினேன். இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். நானும் தட்டினேன்.

லின், நீ அன்று தாமதமாக வரவில்லை.

உன்னை ஜிம் வாசலில் இறக்கிவிட்டவள் நான். பயிற்சி ஏழரைக்கு. நீ இறங்கும்போது காரில் மணி ஏழு இருபது. வழியெல்லாம் நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பதால் நான் அந்தக் கடிகாரத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். உனக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

நீ ஓடியது நான் போன் செய்ததால். முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் நீ, "அப்பா கிளம்பிப் போனதுல ஆச்சரியமே இல்ல. நானா இருந்தா இன்னும் முன்னாடியே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாயே, அப்போது. தட்டுகள் அப்படியே கிடக்க ஜோவைக் கூப்பிட்டேன். "நாளைக்கு அவளக் கொஞ்சம் ஓட விடு ஜோ" என்றேன். "எவ்வளவு?" என்று கேட்டாள். "வாய் அடங்குற வரைக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். "எங்கிட்ட விட்டுட்டல்ல, நீ நிம்மதியாத் தூங்கு" என்றாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் இது யாரும் செய்யாத காரியம் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டம் போட்டு, பன்றி இறைச்சி ரொட்டி கொடுத்தார்களே, உனக்கு நினைவிருக்கும். நீங்கள் எல்லாம் வெளியே பந்து அடித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே ஜோ மைக்கைப் பிடித்து, "வீட்ல சொன்ன பேச்சு கேக்கலையா? எங்கிட்ட சொல்லுங்க. உங்ககிட்ட பெல்ட் இருக்கு, எங்கிட்ட ஜிம் இருக்கு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கு டெல்மர் தன் பேத்தியை ஓட வைத்தார். பாத்திரம் கழுவாததற்கு ஒருத்தி, தம்பியைக் கிள்ளியதற்கு இன்னொருத்தி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டே யார் பெண் எத்தனை ரவுண்டு ஓடினாள் என்று பேசிக்கொள்வோம். எங்களால் சொல்லித் திருத்த முடியாததையெல்லாம் மூட்டை கட்டி உங்கள் கால்களில் ஏற்றினோம்.

உள்ளே என்ன நடந்தது என்பதை உன் தோழி டெய்லின்தான் என்னிடம் சொன்னாள், அதுவும் நீ ஓமாஹா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. ஜோ உன்னிடம், "ஏன் ஓடுறேன்னு உனக்கே தெரியும். நீயா சொல்லு, நிறுத்துறேன்" என்றாளாம். உனக்குத் தெரியவில்லை. நீ யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறாய். சூயிங்கம் மென்றேன் என்றாய். "அது இல்ல, ஓடு." நேற்று சர்வீஸை வலையில் அடித்தேன் என்றாய். "ஓடு." டெய்லினோடு சிரித்தேன், முழங்கால் பட்டையை மறந்துவிட்டேன், கோச்சைப் பற்றி மனசுக்குள் திட்டினேன். செய்ததும் செய்யாததுமாக ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டே ஓடியிருக்கிறாய். ஆகஸ்ட் வெக்கையில், மின்விசிறி கூட இல்லாத ஜிம்மில் ஒன்றரை மணி நேரம். தண்ணீர் கேட்டதற்கு, "முடிச்சிட்டுக் குடி." மற்றப் பெண்கள் சுவரோரம் தலை குனிந்து நின்றார்களாம்.

ஜோ காத்திருந்தது, "அம்மாகிட்ட அப்படிப் பேசிட்டேன்" என்ற ஒரு வாக்கியத்துக்கு. நம் சமையலறையில் பேசிய பேச்சு ஜிம் வரைக்கும் வந்திருக்கும் என்று உனக்கு எப்படித் தோன்றும்? கடைசியில் நீ, "லேட்டா வந்துட்டேன் கோச், நாலு நிமிஷம்" என்றாயாம். அதற்குள் பயிற்சி நேரம் முடிந்து, பையன்கள் அணி கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. அதனால்தான் ஜோ விசிலடித்து நிறுத்தினாள். சரியான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீ நம்பிவிட்டாய். அதையே குழுவுக்கும் எழுதிவிட்டாய்.

மூன்றாம் நாள் உன் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், அந்த ஒன்பது நாட்கள், இரத்தத்தைச் சுத்தம் செய்த அந்த டயாலிசிஸ் இயந்திரம். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த இளம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தசை உடைஞ்சு இரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைச்சிருக்கு. இவ்வளவு ஏன் ஓடினா? யார் ஓடச் சொன்னது?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன். உன் கட்டிலுக்கு நான்கு அடி தள்ளி நின்று சொன்னேன். பள்ளிக்குப் புகார் எழுதியது அவர்தான், நான் இல்லை. ஊரோ நான் எழுதியதாக நினைத்துக்கொண்டது. முதல் வாரம் வாசலில் வரிசையாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தவர்கள், அடுத்த வாரம் பாத்திரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள். மளிகைக் கடையில் என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் செய்திருக்க வேண்டிய ஒரே நல்ல காரியத்தை நான் செய்துவிட்டதாகச் சொல்லி என்னை ஒதுக்கினார்கள். எனக்கு அதில் கோபம் வேறு.

நீண்ட வரிசை. ஆறு லாரி போட்டுவிட்டு வந்தேன்.

ஜோவும் நானும் ஒரே அணியில் ஆடியவர்கள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் கோச் எங்களை ஓட வைத்ததை, கதவோரக் குப்பைத் தொட்டியில் நாங்கள் மாறி மாறி வாந்தி எடுத்ததை, பழைய மாணவர்கள் கூடும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்போம். "நாங்க ஓடல? செத்தா போய்ட்டோம்?" என்று நானே உன்னிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டது இது: பள்ளியை விட்ட பிறகு நான் ஒரு நாள் கூட ஓடியதில்லை. ஜோவும் இல்லை. அவள் தபால் பெட்டிக்குக் கூட வண்டியில்தான் போகிறாள். நீதான் ஓடினாய். பள்ளிக்கு முன்பே எழுந்து, சரளைக்கல் சாலையில், யாரும் சொல்லாமல், உனக்குப் பிடித்ததால் ஓடினாய். முகமெல்லாம் சிவந்து வந்து நின்றுகொண்டே சாப்பிடுவாய். "யாருடி உன்னைத் துரத்துறா?" என்று கேலி செய்வேன். உனக்குப் பிடித்ததை எடுத்து உனக்கே தண்டனையாகக் கொடுத்தோம்.

நேற்று கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஜோ என்னிடம் வந்தாள். இளைத்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. அவள் ராட்சசி இல்லை லின், ராட்சசியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போன் பண்ணினதப் பத்தி நான் மூச்சு விடல மார்லா. இனியும் விட மாட்டேன். நாம ஒரே டீம்" என்றாள். பிறகு, "உம் பொண்ணு தங்கம்டி" என்று அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றும்போதுதான் உறைத்தது. அவள் என்னைக் காப்பாற்றுகிறாள், நீ அவளைக் காப்பாற்றுகிறாய். பழியை எல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டவள் பதினைந்து வயதுப் பெண். நாங்கள் இரண்டு கிழவிகளும் அதன் நிழலில் நின்று அழுகிறோம்.

சனிக்கிழமை உன் அப்பா ஸ்போக்கேனிலிருந்து கூப்பிட்டார். புதுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு படிவத்தைக் கொடுப்பதற்காக உன்னை அழைத்தாராம். நீ போய் நின்று, "எத்தனை ரவுண்டு சார்?" என்று கேட்டாயாம். அவர் பயந்துபோய் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க எம் பொண்ண?" என்று அப்பா என்னைக் கேட்டார். அதற்குப் பதில் இதுதான். இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டு.

குழுவுக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நான் போன் செய்தது, என்ன சொன்னேன் என்பது, நீ வந்து சேர்ந்த நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்ன மறுநாள் அதை டெல்மர் கையில் கொடுப்பேன். ஊர் வாயிலிருந்து நீ இதைக் கேட்கக் கூடாது. ஜோவின் வேலை போகலாம். என் வேலையும் போகலாம், இந்தக் கூட்டுறவுச் சங்கத்திலும் டெல்மர்தான் தலைவர். முப்பது வருடச் சிநேகிதம் நிச்சயமாகப் போகும். இதற்காக என்னைப் பெரிதாக நினைத்துவிடாதே. எழுந்து நிற்க வேண்டிய நேரம் நேற்று மாலை. எனக்குக் கால் எழவில்லை.

நீ அன்று சொன்ன சொல் வலித்தது. ஆனால் அது நமக்குள் இருந்த விஷயம். உன் கதவைத் தட்டி, "எனக்கு வலிச்சுதுடி" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மாடி ஏறப் பன்னிரண்டு படி. எனக்குப் போன் கிட்டத்தில் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உன் குளிர்கோட்டையும் நீலப் போர்வையையும் தனியே அனுப்புகிறேன். உனக்கு என்றைக்காவது மறுபடி ஓட வேண்டும் போலிருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, யாரும் இல்லாத சாலையாகப் பார்த்து ஓடு. எண்ணாமல் ஓடு. கடவுள் உன் உடம்பைக் காக்கட்டும்.

படித்ததும் என்னைத் திட்டத் தோன்றினால் திட்டு, நான் குறுக்கே பேச மாட்டேன். போனை எடுக்க மாட்டேன் என்று இருந்தாலும் இரு, ஒரு வருடம் ஆனாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணு. "பரவாயில்லம்மா" என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்லா