பேச்சியைக் காலில் விழவைத்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

பழக்கத்தில்தான் இப்படித் தொடங்குகிறேன். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பதினான்கு வயதில் இரண்டு நோட்டு நிறைய ஒரு கதை எழுதினேன். பேச்சி என்ற சின்னச் சூனியக்காரியின் கதை. பெரிய சூனியக்காரிகள் அவளைப் பானை கழுவ மட்டும் விடுவார்கள். குளம் வெடித்துக் கிடந்த கோடையில் அவர்கள் மந்திரமெல்லாம் தோற்ற பிறகு, அவள் ஒருத்தியாக நின்று மழையைக் கூப்பிடுவாள். கடைசியில் அவர்கள் சபையில் அவளுக்கும் ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்துக்காகத்தான் மாமா, நான் அத்தனை பக்கம் எழுதினேன்.

உங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த நீங்கள், அதைப் புத்தகமாகப் போடுகிறேன் என்றீர்கள். சந்தோஷத்தில் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயர். அச்சகத்துக் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தே வாசித்து முடித்தேன். கடைசி அத்தியாயத்தில் பேச்சி மந்திரக்கோலைக் கிணற்றில் போட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவளுக்குக் கல்யாணம்.

“மாமா, இது நான் எழுதலையே.”

“பொம்பளப் பிள்ளைக வாசிக்கிற புஸ்தகம்லா. சூனியக்காரிய ஜெயிக்க விட்டா ஊரு என்னைக் காறித் துப்பும். நீயும் நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும், ஏட்டி.”

என் நோட்டுகளைக் கேட்டேன்.

“அச்சானப்புறம் அது எதுக்கு? வெந்நீர் அடுப்புல போட்டாச்சு.”

அப்போது உங்களுக்குக் கொஞ்சமாவது உறுத்தியதா?

புளியங்குடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சரான பிறகு, போன வருஷம் அந்தப் புத்தகத்தை வகுப்பில் வாசித்தேன். ஒரு பெண் எழுந்து, “மழை பெய்ய வச்சவ எதுக்கு டீச்சர் மன்னிப்புக் கேக்கா?” என்றாள். அன்று சாயங்காலமே சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வந்து உங்களிடம் சொன்னேன். சிரித்தீர்கள். அத்தை கொடுத்த காப்பியைத் தொடாமல் திரும்பினேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

போன வாரம் உங்களுக்கு அனுதாபக் கூட்டம் நடத்தினார்கள். ஒரு பெண்பிள்ளையை எழுத்தாளர் ஆக்கியவர் என்று உங்களைப் புகழ்ந்துவிட்டு, என்னையும் பேசச் சொன்னார்கள். “கடைசி அத்தியாயம் நான் எழுதினது இல்லை, மாமா எழுதினது” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். அத்தை என்னைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டார்.

நேற்று அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னை வையத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“அச்சானப்பவே நானும் வாசிச்சேன், மக்கா. எனக்கும் மனசு ஆறல. அவுககிட்டச் சொல்லத்தான் வாய் வரல.”

அச்சகத்துச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷமும் அவர் வாயை அடைத்து வைத்தது யார் மாமா?

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். அன்று எழுதிய வரி ஒன்றுகூட அப்படியே வர மறுக்கிறது. நீங்கள் எரித்தது என்னவென்று இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதி முடிப்பேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் உங்கள் அச்சகத்திலேயே அடிப்பேன். அதில் உங்களுடைய ஒரு சொல்கூட இருக்காது. இது சத்தியம்.

உங்கள் அக்காள் மகள்,
கோமதி