நீ அனுப்பிய மூன்றாவது வீடு

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டதா? தலையைச் சரியாகத் துவட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. தையல் கடையில் சீருடைத் துணி மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, பொத்தான் தைக்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், அந்த வேலையும் இப்போது என் தலையில்தான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் பாதியிலேயே நீ "விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இதை நான் விடுவதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் திரும்பி வந்ததும் எல்லோரும் சேர்ந்து இருக்க, அதுவரை நான் இருக்க என்று ஐந்து வீடுகளின் விர்ச்சுவல் டூர் அனுப்பி, "உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்மா" என்றாய் அல்லவா? விரலால் தள்ளித் தள்ளி வாசலில் நுழைந்து ஒவ்வொரு அறையாகப் போனேன். முதல் வீட்டில் சமையலறை எலிப்பொந்து. இரண்டாவதில் குளியலறைக் கதவு நேராகச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துத் திறக்கிறது, எந்தப் புத்திசாலி கட்டினானோ. மூன்றாவது, "ஏன்னு தெரியல, பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு" என்று நீ எழுதிய வீடு. அதில் இரண்டு தள்ளு தள்ளியதும் என் விரல் நின்றுவிட்டது. அது உன் அத்தை வீடு, உன் அப்பாவின் கூடப்பிறந்த அக்காவுடையது. உனக்குப் பிடித்ததில் ஆச்சரியம் என்ன, நாலு வயது வரை நீ அங்கேதான் ஓடி விளையாடினாய்.

உன் அப்பா கண்ணை மூடியதும் மாடியில் இருந்த நம் அறையைக் காலி பண்ணச் சொல்லி, படிக்கட்டுக்குக் கீழே பழைய சாமான் போட்டுவைக்கும் இடத்தில் நம் இரண்டு பேரையும் தள்ளினாள். பதினோரு மாதம் அங்கே கிடந்தோம். பிறகு அந்த இடமும் வேண்டும் என்றாள். "பையனோட சைக்கிள் மழையில நனையுது" என்றுதான் சொன்னாள், அந்தச் சைக்கிளுக்காகத்தான் நாம் வெளியே வந்தோம். உன்னிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை, அத்தைக்கும் நமக்கும் ஒத்துவரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இத்தனை வருஷமும் வாய்நிறைய "அவங்க" என்றுதான் சொன்னேன், இந்தக் கடிதத்தில் அவள்தான். அந்த இடத்தில் இப்போது ஒரு விளக்கை மாட்டி நாற்காலி போட்டு "படிக்கும் அறை" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டூரில் பார்த்தால் ஒரு கல்யாணமே நடத்தலாம் போல அகலமாகத் தெரிகிறது. நான் அளவெடுத்தே பிழைப்பவள், என்னிடமா? அங்கே நான் காலை நீட்டினால் உன்னை என் வயிற்றின் மேல்தான் படுக்கவைக்க வேண்டியிருக்கும்.

வீட்டுத் தரகரிடம், படம் போதாது, இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டுக்கார அம்மாவே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் சொல்கிற இடமெல்லாம் நேரடியாகக் காட்டுவார் என்றார். எனக்கு வேறென்ன வேண்டும்? என் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டு, வாங்கப்போகிற பெண்ணின் அம்மா என்று மட்டும் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "ஒரே வீட்டை எத்தனை தரம்மா பார்ப்பே" என்று நீ சலித்துக்கொண்டாயே, அது இதற்காகத்தான். குழாயைத் திறங்க என்றேன், திறந்தாள். மூடுங்க, இன்னொரு தரம் திறங்க என்றேன். அலமாரியின் அடித்தட்டைக் குனிந்து காட்டச் சொன்னேன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மொட்டைமாடிக்கு இரண்டு தரம் ஏற்றி இறக்கினேன், முதல் தரம் வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னேன். என் குரலை அவள் கண்டுபிடிக்கவே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பாள்? அந்த வீட்டில் நான் இருந்தவரைக்கும் "சரிங்க அண்ணி" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன புதன்கிழமைதான் கடைசியாகப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள், காற்று வருகிறதா என்று தெரிய வேண்டும் என்றேன். நின்றாள். திரை கறுத்துவிட்டது, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஐந்து நிமிஷம் ஆனது. இங்கே யாராவது குடியிருந்தார்களா என்று கேட்டேன். "சேச்சே, இது சாமான் போடற எடம்ங்க, மனுஷங்க இருக்கற எடமா இது" என்றாள். போனை வைக்கப் போனேன். அதற்குள் இருட்டிலிருந்தே மெதுவாகச் சொன்னாள், "அம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. நீங்க வாங்கின பிறகு இந்த எடத்தை மட்டும் எனக்கு விடுவீங்களா? பையன் வீட்டை வித்துட்டு என்னை ஏதோ முதியோர் இல்லத்துல சேர்க்கறேங்கறான். நான் ஒரு ஓரமா இருந்துக்குவேன், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்று.

உன்னிடம் ஒளிக்கப்போவதில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் கடையில் மூன்று சட்டைகளுக்கு வலக்கையையும் இடக்கையையும் மாற்றித் தைத்து முதலாளி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் இரண்டு நாள் யோசித்தேன். அந்த வீட்டை நீ வாங்கு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மாடியில் கிழக்குச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, இரண்டையும் சரிபண்ணித் தரச் சொல்லிவிட்டு வாங்கு. இதெல்லாம் தெரிந்த பிறகு உனக்கு அந்த வாசற்படி ஏற மனசில்லை என்றால் சொல்லிவிடு, வேறு பார்ப்போம். ஆனால் எனக்கு அந்த வீடு வேண்டும். வர்ற மாதம் இரண்டாவது ஞாயிறு உன்னையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டு பேசி முடிப்பதாகத் தரகர் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு முதல் தடவையாக நான் கேமராவைப் போடப்போகிறேன். இருட்டில் கேட்டாளே, அதை என் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேட்கட்டும். கேட்டால் அந்தப் பொந்து இல்லை, மாடியில் பெரிய ஜன்னல் இருக்கும் அறையையே கொடுக்கிறேன், சாகிறவரை என் தயவில் காற்று வாங்கட்டும். கேட்க வாய் வரவில்லை என்றால் இல்லத்துக்கே போகட்டும், நான் தடுக்கமாட்டேன். அம்மாவுக்குப் பெரிய மனசு என்று மாப்பிள்ளையிடம் அளந்துவிடாதே, எனக்கு அதெல்லாம் கிடையாது.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாருடைய வீட்டுப் படிக்கட்டுக்கும் கீழே ஒதுங்காமல், தலைநிமிர்ந்து நூறு வருஷம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்ததும் நீ முந்திக்கொண்டு "அத்தை" என்று கூப்பிட்டுவிடாதே. நான் யார் என்று முதலில் அவள் வாயால் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா