பென்னலூருக்குப் பிறகு போடாத சாலை

பஸ்ஸில் கடைசிவரை கண் மூடாதவளே,

நேற்றுக் காலை நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, கண்ணாடியில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் யாரோ ஒருத்தி தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டுப் போயிருக்கிறாள். தேங்காய் எண்ணெயும் பழைய ரெக்ஸின் சீட்டும் சேர்ந்த வாசனை. உனக்குத் தெரியாததா? அந்தக் கறையை நான் ஒருமுறை வரைந்திருக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஊர்ப் பிள்ளைக தலைக்கு இதெல்லாம் எண்ணெயாட்டி? இன்னும் நல்லாத் தடவு" என்று படுத்தி எடுத்தாய். எனக்கு நேற்று அந்தக் கறையின் மேல் தலையைச் சாய்க்க மனம் வரவில்லை. வழியெல்லாம் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன்.

விஷயம் இதுதான். நேற்றுச் சாயங்காலத்துக்குள் பிரபுவுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. நம் கம்ப்யூட்டர் விளையாட்டில் பணம் போட்ட நிறுவனத்தின் ஆளாக நம் தலைமேல் உட்கார்ந்திருந்தாரே, அதே பிரபு. பாதியில் நிறுத்திய பெரிய விளையாட்டை மறுபடியும் தொடங்கப் போகிறார்களாம். முன்பைவிடப் பெரிய பட்ஜெட்டாம். ஒரே ஒரு நிபந்தனை. போனில் இலவசமாகக் கிடைக்கிறதே நம் சின்ன விளையாட்டு, அதை எடுத்துவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஜனங்கள் குழம்பிவிடுவார்களாம். ஜனங்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், குழம்பிக் கிடந்தது நான்தான். கையெழுத்துப் போட்டால் சின்னது போய்விடும். போடாவிட்டால் பெரியதை நிரந்தரமாக மூடிவிடுவார்கள், அதற்குள் நீ செய்து வைத்ததெல்லாம் யார் கண்ணிலும் படாமல் போகும்.

உன் பங்குக்கு உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்று கோவில்பட்டிக்குப் போன் செய்தேன். "எனக்கு என்னம்மா தெரியும்? அவ எதை ஆசப்பட்டாளோ அதையே செய்யி" என்றார்கள். அதுதானே எனக்கும் தெரியவில்லை?

முதலில் என்ன ஆசைப்பட்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகட்டாகக் கட்டித் தரும் நம் ஒரகடம் கம்பெனியில், வாசலில் நிற்கிற பஸ்ஸெல்லாம் ஒரே வெள்ளை. முன்கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற கண்ணுக்குக் காகிதமாவது, எழுத்தாவது. ஒருநாள் படப்பைக்குப் போக வேண்டிய பெண் ஒருத்தி நம் பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டாள். வல்லம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தாண்டி, கடைசி ஸ்டாப்பான பென்னலூரில்தான் அவளை நீ பார்த்தாய். எழுப்பினதும் வெளியே பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். உன் வாடகை அறைக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாய். மறுநாளிலிருந்து நீ பஸ்ஸில் தூங்கவே இல்லை. யார் எங்கே இறங்குவார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகத் தட்டி எழுப்பினாய். உனக்கென்ன தலையெழுத்தா என்று நான் கேட்டேன். "தூங்குறவளுக்கு வழி தெரியாது, முழிச்சிருக்கிறவளுக்குத்தான் பொறுப்பு" என்றாய்.

அதைத்தான் நீ விளையாட்டாக்கினாய். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒயர் கட்ட வந்தவள் நீ. பத்தாம் வகுப்பு ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்ததோடு சரி நான். லீவு நாளில் உன் அறையில் உட்கார்ந்து செய்தோம். ஒரு பஸ், தூங்குகிற பெண்கள், ஆடுகிற தலைகள். சீக்கிரம் எழுப்பினால் முறைப்பார்கள், தாமதமானால் ஸ்டாப் போய்விடும். பக்கத்தில் இருப்பவள் தோளில் தலை விழுந்திருந்தால் அவளும் விழித்துக்கொள்ளாமல் பார்த்து எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஐந்தே முகம் வரைந்தேன், சேலையையும் சுடிதாரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பஸ்ஸை நிரப்பினோம். யார் வேண்டுமானாலும் போனில் விளையாடட்டும் என்று இலவசமாக விட்டோம். எங்கோ ஒரு நாட்டில் மீன் ஆலையில் வேலை செய்கிற ஒருத்தி, எங்கள் பஸ்ஸிலும் இப்படித்தான் என்று எழுதியிருந்தாளே, அன்றைக்கு நீ அறைக்குள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டார்.

அதற்குப் பிறகுதான் பிரபு வந்தார். இன்னும் ஒரு சின்னது செய்யலாம் என்றேன் நான். அதற்குக் கொஞ்சம் பணம் கிடைத்தால் போதும் என்று அவரிடமே கேட்டேன். "கொஞ்சமா கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க மேடம். பெருசா கேளுங்க, தருவாங்க" என்றார். அது எனக்கு இன்றுவரை புரியவில்லை. நம் தெருவில் யாரிடமும் சின்னக் கடன் கிடைக்கும், பெரியது கிடைக்காது. அந்தத் தொழிலில் எல்லாம் தலைகீழ்.

நீ உடனே சரி என்றுவிட்டாய். பளபளப்பைப் பார்த்து மயங்கிவிட்டாய் என்றுதான் நான் நினைத்தேன். சண்டை போட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டு நீ சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்.

"அஞ்சு மூஞ்சியை வச்சிக்கிட்டு ஒரு பஸ்ஸ ஓட்டுதோம்ட்டி. கம்பெனிக்காரனுக்குத்தான் நாம எல்லாம் ஒரே மூஞ்சி. நமக்குமா?"

ஆளாளுக்கு ஒரு முகம், ஒரு குரல், எழுப்பினால் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு பேச்சு. அதற்குத்தான் உனக்குப் பெரிய பணம் வேண்டியிருந்தது. இரண்டு பேரும் வேலையை விட்டோம். நிரந்தரம் ஆகப் போகிற நேரத்தில் விட்டாளே என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி அழுதது.

கிண்டி பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விளையாட்டு வீங்க ஆரம்பித்தது. பஸ்ஸை நாமே ஓட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஓட்டினால் பந்தயம் வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். தூங்குகிற பெண்களுக்கு விதவிதமாக உடை விற்கலாம் என்று மூன்றாவது ஆள் சொன்னபோது, தூங்குகிறவளுக்கு எதற்கு ஜிகினா என்று கேட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். இவ்வளவு பணம் போட்ட பிறகு ரிஸ்க் எடுக்க முடியாதாம். வேறு விளையாட்டுகளில் ஓடினதெல்லாம் இதிலும் இருந்தாக வேண்டுமாம். அவ்வளவு பணம் போட்டதே ரிஸ்க் இல்லையா என்று கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அன்று சாயங்காலம் நீ சொன்னாய்: "நிறையப் பணம் இருக்கிற இடத்திலதான்ட்டி பயமும் நிறைய இருக்கு." சொல்லிவிட்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக ஆபீசுக்குப் போனாய். உன்னை என்னவென்று புரிந்துகொள்வது?

பிறகு ஒருநாள் மத்தியானம் நிறுத்திவிட்டார்கள். நம் விளையாட்டில் குற்றம் இல்லையாம். அதே நிறுவனம் வெளிநாட்டில் எடுத்த இன்னொரு பெரிய விளையாட்டு படுத்துவிட்டதாம். அது விழுந்தால் இது ஏன் சாக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே படியிறங்கினேன். சின்னதாகவே இருந்திருந்தால் நம்மை யார் நிறுத்தியிருக்க முடியும்? ஆனால் சின்னதாக இருந்திருந்தால் உன் பஸ்ஸில் ஐந்து முகம்தான் இருந்திருக்கும். இப்படித்தான் எனக்குள் ஒன்றை நினைத்தால் மற்றது வந்து நிற்கிறது.

நீ விடவில்லை. வேறு யாரிடமாவது காட்டிப் பணம் வாங்கலாம் என்று காய்ச்சலோடு உட்கார்ந்து வேலை செய்தாய். மழைக்காலக் காய்ச்சல், மாத்திரை போட்டால் போய்விடும் என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் நேரம் பார்த்து எழுப்பினவளுக்கு, தன் உடம்பு மட்டும் தெரியாமல் போனது எப்படி?

இப்போது அதே கம்பெனியில், கான்ட்ராக்டில், ஒயர் கட்டுகிறேன். என் வரிசையில் மகேஸ்வரி என்று ஒரு பெண் இருக்கிறாள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. டீ இடைவேளையில் போனில் நம் சின்ன விளையாட்டைத்தான் விளையாடுகிறாள். யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. போன வாரம் கேட்டாள்: "எக்கா, எல்லாரையும் எழுப்புத ஆளு எங்க எறங்குவாக? அதக் காட்டவே மாட்டேங்காவ." நாம் அதை யோசித்ததே இல்லை, இல்லையா? எல்லாரும் இறங்கினதும் திரை இருண்டுவிடும், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் அம்மா பொறுக்க முடியாமல் சத்தம் போட்டது. "இன்னாத்துக்கு இம்மா யோசன பண்ணிக்கினு கீற? கையெழுத்த போட்டுட்டு வூட்டக் கட்டு." அம்மா சொல்வதும் தப்பில்லை. மழை வந்தால் எங்கள் வீட்டு நிலைமை நீ பார்த்திருக்கிறாய். சரி, எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டாவது போடலாம் என்று, என்னிடம் இருக்கும் உன் லேப்டாப்பை எடுத்தேன். நீ போன பிறகு அதைத் திறக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பெரிய விளையாட்டு திறந்தது. உடைக் கடை ஜொலித்தது. பந்தய மேம்பாலம் முழுசாகக் கட்டி முடிந்திருந்தது. நம் ரோட்டில்தான் பாதிக் கட்டடங்கள் வெறும் சாம்பல் பெட்டிகளாக நின்றன. ஆனால் பஸ்ஸுக்குள் போனேன். அத்தனை சீட்டிலும் ஆள், ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. மூக்குத்தி போட்ட வல்லத்து அக்கா. வாயைத் திறந்து தூங்கும் கேன்டீன்காரம்மா. அந்தப் படப்பைப் பெண்கூட, வாசலுக்குப் பக்கத்து சீட்டில். ஒவ்வொருத்தியாக எழுப்பினேன், அவரவர் குரலிலேயே அலுத்துக்கொண்டு இறங்கினார்கள். நீ பஸ்ஸில் போனை நீட்டிக்கொண்டு என்ன செய்கிறாய் என்று அப்போதெல்லாம் நான் கேட்பேனே, இதைத்தான் பதிந்திருக்கிறாய். பென்னலூரில் பஸ் நின்றபோது கடைசி சீட்டில் ஒருத்திதான் மிச்சம். தலை கண்ணாடியில், அதில் வட்டமாக எண்ணெய்க் கறை. நான்.

எழுப்பினேன். உன் குரல் கேட்டது.

"ஏட்டி, எந்திரி. ஊரு வந்துட்டு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு மூடுகிறது. பஸ் நகர்கிறது. உள்ளே நீ மட்டும். பென்னலூருக்குப் பிறகு சாலை இல்லை. கடையோ மரமோ கோடோ எதுவும் இல்லாத வெறும் சாம்பல் நிறத்தில் பஸ் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு அங்கே ஸ்டாப்பே வைக்கவில்லை நீ. வேலை முடியாததால் இப்படி விட்டாயா, இல்லை இதுதான் நீ நினைத்ததா? வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னை யார் எழுப்புவார்கள், எங்கே இறக்குவார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் ஒன்று தோன்றியது. கையெழுத்துப் போட்டால் அந்தச் சாலையை யாராவது போட்டுவிடுவார்கள். பந்தயமோ கடையோ ஏதோ ஒன்று அங்கே வந்துவிடும். நீ இறங்கும் இடத்தை உன்னைத் தெரியாத யாரோ ஒருவர் முடிவு செய்வார்கள். போடாவிட்டாலோ நீ இறங்கவே மாட்டாய், அந்த முகங்களையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டுமே எனக்குத் தாங்கவில்லை. பிரபுவைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். மகேஸ்வரி இன்னும் அந்தச் சின்ன விளையாட்டை விளையாடி முடிக்கவில்லை என்றேன். அது யார் என்று கேட்டார். எங்கள் லைனில் ஒரு பெண் என்றேன். போனை வைத்துவிட்டார். அம்மா என்னோடு பேசவில்லை.

சரியா தப்பா என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் பஸ் ஸ்டாண்டில் வைத்தே திட்டியிருப்பாய். உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இன்று காலை பஸ்ஸில் நான் தூங்கவில்லை. வல்லத்தில் ஒருத்தியை, ஸ்ரீபெரும்புதூரில் நாலைந்து பேரைத் தட்டி எழுப்பினேன். பென்னலூர் வந்தபோது மகேஸ்வரி மட்டும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டேன். "ஏட்டி, எந்திரி. ஊரு வந்துட்டு" என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

"எக்கா, நீங்க எங்க ஊர்ப் பக்கமா?"

"இல்லம்மா, நான் பென்னலூருதான். உங்க ஊர்க்காரி ஒருத்தி என் கூட இருக்கா."

யார் என்று அவள் கேட்டாள். முதலில் இறங்கு, பஸ் கிளம்பிவிடும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பின்னால் நானும் இறங்கினேன்.